முதலெழுத்தில் தொலைந்த கட்டுரைகள்

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் எங்கள் கல்லூரித் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் ஜவுளிக்கடைப் பை ஒன்றை என் மேசைமீது வைத்தார். உள்ளே ஆய்விதழ்கள். சில புத்தம் புதியவை, சில முதுகு வெளுத்தவை. கல்லூரியின் ஐந்தாண்டு ஆய்வு வெளியீட்டுப் பட்டியலை அன்று காலைதான் எல்லாத் துறைகளுக்கும் அனுப்பியிருந்தோம். அவர் பெயருக்கு நேரே 2 என்று இருந்தது.

“பதினொன்று எழுதியிருக்கிறேன் அம்மா. மற்ற ஒன்பதும் எங்கே போயின?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. வங்கிக் கணக்கில் பணம் குறைந்தால் கேட்பதுபோல, பதிலை எதிர்பார்த்துக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நான் நூலகர். அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி, தென்மாவட்டம். கல்லூரியின் அகத்தர உறுதி மையத்தில் ஆய்வு வெளியீடுகளைத் தொகுத்துச் சரிபார்க்கும் பொறுப்பும் என்னுடையது. அந்தப் பொறுப்பை ஏற்றபோது அது எழுத்தர் வேலை என்றே எண்ணியிருந்தேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் தரும் படிவத்தில் இருப்பவை சில கட்டங்கள்தாம்: கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர், துறை, இதழின் பெயர், வெளியான ஆண்டு, இதழை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.எஸ்.என். எண், இணைப்பு. உட்கார்ந்தால் அரை நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் ஒரே கட்டுரை ஐந்து இடங்களுக்குப் போகிறது. நாக் அமைப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பும் ஏ.க்யூ.ஏ.ஆர். என்ற தர அறிக்கை, ஐந்தாண்டுத் தன்னாய்வு அறிக்கை, மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை, பல்கலைக்கழக ஆண்டறிக்கை, நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கான கணக்கு. ஒன்று நாட்காட்டி ஆண்டைக் கேட்கும், இன்னொன்று கல்வியாண்டைக் கேட்கும். டிசம்பரில் இணையத்தில் வெளியாகி, மார்ச் இதழில் பக்க எண் பெற்ற கட்டுரையை எந்த ஆண்டில் வைப்பது? மூன்று துறையினர் சேர்ந்து எழுதியது மூன்று துறைப் பட்டியலிலும் வந்து, தொகுக்கும்போது மூன்று கட்டுரையாகிவிடும். பக்கம் 5-12 என்று தட்டினால் எக்செல் அதை ஒரு தேதியாக்கிவிடும். ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை இடைக்கோடு இல்லாமல் 00113891 என்று இட்டால் முன்னால் உள்ள சுழியங்கள் இரண்டும் விழுந்து 113891 என்று நிற்கும். இவை சின்னப் பிழைகள். ஆனால் டி.வி.வி. என்ற தரவுச் சரிபார்ப்புக் கட்டத்தில் விளக்கம் கேட்டு நம்மிடம் திரும்பி வருபவை பெரும்பாலும் இவைதாம். விளக்கம் சொல்ல முடியாத வரி பட்டியலிலிருந்து நீங்கிவிடும். உண்மையாக எழுதப்பட்டு, உண்மையாக வெளிவந்த கட்டுரையாக இருந்தாலும் நீங்கிவிடும்.

அந்தப் பைக்கு வருகிறேன். அன்று மாலை வரை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். எங்கள் பட்டியல் இரண்டு வழிகளில் உருவாகியிருந்தது. ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களில் தேடி எடுத்தவை ஒரு பங்கு. ஆசிரியர்கள் இணையப் படிவத்தில் நிரப்பி அனுப்பியவை மறு பங்கு. அந்தப் படிவத்தைத் தயாரித்தது நான். கட்டுரைக்கான இணைப்பு என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கி வைத்திருந்தேன். அதை நிரப்பாமல் படிவத்தை அனுப்பவே முடியாது. அவருடைய இதழ்கள் எல்லாம் அச்சில் மட்டும் வருபவை. ஒன்றுக்கும் இணைப்பு கிடையாது. நான்கு முறை முயன்று பார்த்துவிட்டு, “நமக்கானது இல்லை போலிருக்கிறது” என்று விட்டுவிட்டாராம்.

பட்டியலில் இருந்த இரண்டில் ஒன்று வேதியியல் கட்டுரை. அதே முதலெழுத்தும் அதே பெயரும் கொண்ட வேறு யாரோ எழுதியது. ஆகத் தொலைந்தவை ஒன்பது இல்லை, பத்து.

இந்தப் பெயர் விஷயத்தை நான் விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகளில் நான் திருத்திய பிழைகளில் பாதிக்குமேல் இங்கிருந்துதான் பிறந்தன.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும். ஆய்விதழ்களின் இணையப் படிவங்களோ பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியே கேட்கின்றன. எடுத்துக்காட்டாக ச. முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். முதல் கட்டுரையில், குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எஸ் என்ற ஒற்றை எழுத்தை இடுகிறார். தரவுத்தளம் அவரை ‘எஸ், எம்’ என்று சுருக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த இதழ் ஒற்றை எழுத்தை ஏற்கவில்லை. தந்தை பெயரை விரித்துச் சண்முகம் என்று எழுதுகிறார். இப்போது அவர் ‘சண்முகம், எம்’. மூன்றாவது கட்டுரையை அனுப்பியவர் அவருடைய வழிகாட்டி. அவர் முருகனையே குடும்பப் பெயராக்கிவிடுகிறார். ‘முருகன், எஸ்’. ஒருவர் மூவராகிவிட்டார். மேற்கோள் எண்ணிக்கையும் மூன்று கூறாகிவிட்டது. மறுபக்கம், ‘முருகன், எஸ்’ என்ற பெயருக்கு உரியவர்கள் தமிழ்நாட்டிலேயே எத்தனை பேர்! அவர்களில் சிலருடைய கட்டுரைகள் ஒரே சுயவிவரத்தில் குவிந்து கிடக்கின்றன. மண்ணியல், மருந்தியல், வணிகவியல் என்று ஒரே ஆள் எழுதியதுபோல ஒரு பக்கம் விரியும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் வேறு வேறு மனிதரின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

பெண்களுக்கு இன்னும் ஒரு கண்ணி. பிஎச்.டி. ஆய்வுக் காலத்தில் தந்தையின் எழுத்து, திருமணத்துக்குப்பின் கணவரின் எழுத்து. என் எம்.பில். காலத்துக் கட்டுரை ஒன்று அப்பாவின் எழுத்தோடு இருக்கிறது. பணிப் பதிவேட்டில் கணவரின் எழுத்து. அந்தக் கட்டுரை என்னுடையதுதான் என்று நானே சான்று எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுபவர்களுக்கு முதலெழுத்தே மாறிவிடுகிறது. குமாரசாமியின் மகள் தமிழில் கு., ஆங்கிலத்தில் கே. ஞானமுத்துவின் மகன் தமிழில் ஞா., ஆங்கிலத்தில் ஜி. எங்கள் பேராசிரியருக்கும் இதே நிலைதான். அவர் பெயரில் ஒரு ழகரமும் உண்டு. அதை அவர் இசட்-ஹெச் போட்டு எழுதுவார், அலுவலகப் பதிவில் வெறும் எல். முதலெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 இறுதியில் ஆணை பிறப்பித்தபோது நான் மகிழ்ந்தேன். அதே சமயம், தமிழ் ஞா.வும் ஆங்கில ஜி.யும் ஒருவரே என்று எங்காவது ஓரிடத்தில் பதிந்து வைக்காவிட்டால் சிக்கல் கூடும் என்ற கவலையும் வந்தது.

அதற்கு வழி இருக்கிறது. ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனியே அடையாளம் காட்டும், 2012இல் தொடங்கிய ஆர்கிட் என்ற 16 இலக்க எண்ணைக் கட்டணமில்லாமல் எவரும் பெறலாம். அதில் வேறு பெயர்களுக்கு என்று ஒரு பகுதி உண்டு. அங்கே தமிழ் எழுத்திலேயே பெயரை இடலாம், திருமணத்துக்கு முந்தைய பெயரையும் இடலாம். கட்டுரை அனுப்பும்போது அந்த எண்ணைக் கொடுத்துவிட்டால், பெயரை எப்படிச் சிதைத்தாலும் ஆள் தப்பமாட்டார். எங்கள் கல்லூரியில் புதிதாகச் சேரும் ஆசிரியர் நூலக அட்டை வாங்க வரும்போதே ஆர்கிட் எண்ணையும் பதிவு செய்துகொள்கிறோம். பத்து நிமிடம் ஆகிறது. கையோடு ஒரு வேண்டுகோளையும் வைப்பேன்: “இனி வாழ்நாள் முழுவதும் உங்கள் பெயரை எப்படி எழுதப் போகிறீர்கள் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.”

கல்லூரிப் பெயருக்கும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ‘தன்னாட்சி’ என்ற சொல் சேர்த்தும் சேர்க்காமலும், தூத்துக்குடியை டூட்டிகோரின் என்றும், திருச்சிராப்பள்ளியை டிரிச்சி என்றும் எழுதும் வழக்கத்தால், ஒரே நிறுவனம் தரவுத்தளத்தில் பல நிறுவனங்களாக நிற்கும். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்து, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம். அந்தச் சில நாள்களும் எனக்குத் தூக்கம் இல்லை. தரவரிசைக்கான ஆய்வுக் கணக்கை என்.ஐ.ஆர்.எஃப். தரவுத்தளங்களிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நிறுவனப் பெயர் சிதறினால் கட்டுரையும் சிதறும்.

பெயரால் தொலைவது ஒரு துயரம் என்றால், போலி இதழில் தொலைவது இன்னொன்று. அதைச் சொல்வதற்கு முன் பட்டியல்களின் வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2017இல் ஏற்பளிக்கப்பட்ட இதழ்களின் பட்டியலை வெளியிட்டது. பல்லாயிரம் இதழ்கள். அடுத்த ஆண்டே கரண்ட் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அந்தப் பட்டியலில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்ந்த இதழ்களிலிருந்து ஒரு பகுதியை எடுத்து ஆராய்ந்தவர்கள், அவற்றில் 88 சதவீதத்துக்கு மேற்பட்டவை தரம் குறைந்தவையாக இருக்கக்கூடும் என்று எழுதினார்கள். முகவரி இல்லை, பதிப்பாசிரியர் பெயர் இல்லை, ஐ.எஸ்.எஸ்.என். தவறு, இதழின் செல்வாக்கைக் காட்டும் தாக்கக் காரணி என்ற எண் பொய். 2018 மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. அதன்பின் யூ.ஜி.சி. கேர் என்ற ஏற்பாடு உருவாகி, 2019 முதல் புதிய பட்டியல் நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. இனி இதழ்களின் தரத்தை அந்தந்த நிறுவனமே முடிவு செய்ய வேண்டும். அதற்கான அளவுகோல்களை மட்டும் மானியக் குழு தந்திருக்கிறது.

கேர் பட்டியல் இருந்த காலத்தில் நடந்தது இது. எங்கள் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர் ஒருவர், வணிகவியல், தன் கட்டுரை வந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு அச்சுப்பிரதியைக் கொண்டுவந்தார். இதழின் பெயர் கேர் பட்டியலில் இருந்தது. எண்ணும் பொருந்தியது. இணைப்பும் திறந்தது. எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன. ஆனாலும் மனத்தில் ஏதோ உறுத்தியது. அனுப்பிய நான்காம் நாள் ஏற்றுக்கொண்டார்கள் என்றார். மதிப்புரையாளர் கருத்து என்று ஒரு வரிகூட வரவில்லை. கட்டணம், அவருடைய மாத ஊதியத்தில் நான்கில் ஒரு பங்கு.

ஐ.எஸ்.எஸ்.என். தளத்தில் அந்த எண்ணைத் தேடினேன். அது வடமாநிலத்தின் பழைய அறிஞர் கழகம் ஒன்று நடத்தும் வரலாற்று இதழுக்கு உரியது. அச்சில் மட்டும் வருவது. வணிகவியலுக்கு அங்கே இடமே இல்லை. அதன் பெயரையும் எண்ணையும் எடுத்துக்கொண்டு யாரோ ஒருவர் இணையதளம் அமைத்துப் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார். இப்படிப் படியெடுத்த போலி இதழ்களைக் கேர் தளமே உண்மையானவற்றோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தது. அன்று அந்தப் பக்கத்தில் இந்த இதழ் இன்னும் சேர்ந்திருக்கவில்லை.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னபோது, “கட்டுரை நல்ல கட்டுரைதான் மேடம். மூன்று மாவட்டத்தில் அலைந்து மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் தரவு எடுத்தேன்” என்றார். அது உண்மை. நான் படித்திருக்கிறேன், நல்ல கட்டுரை. போலித் தளத்தில் வெளியான ஒன்றை வேறு நல்ல இதழுக்கு அனுப்பவும் தயக்கம். அங்கிருந்து நீக்கச் சொல்லி எழுதிய மடல்களுக்கு மறுமொழியே வரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது. ஏமாற்றியவர் எங்கோ இருக்கிறார். பட்டியலில் இருந்து நீக்கப்படுவதும் தலைகுனிவதும் இவர். அனுப்புவதற்கு முன் நூலகத்துக்கு ஒரு முறை வந்திருந்தால் கால்மணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் வரலாம் என்று நாங்கள் யாருக்கும் சொல்லி வைக்கவில்லையே. எங்கள் சரிபார்ப்பு எல்லாம் கட்டுரை வெளிவந்த பிறகு, படிவம் நிரப்பும் மாதத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. அதுவே அடிப்படைத் தவறு என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

ஐ.எஸ்.எஸ்.என். பற்றிக் கொஞ்சம். அது தரச்சான்று என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். பருவ இதழ் ஒன்றை அடையாளம் காட்டும் எண், அவ்வளவே. நூலகத்தில் புத்தகத்துக்கு எண் ஒட்டுவதுபோல. எட்டு இலக்கங்கள். கடைசி இலக்கம் முதல் ஏழிலிருந்து கணக்கிட்டுப் பெறுவது. முதல் இலக்கத்தை 8ஆல், இரண்டாவதை 7ஆல் என்று இறங்கி ஏழாவதை 2ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்து, மீதியை 11லிருந்து கழித்தால் கடைசி இலக்கம் கிடைக்கும். 10 வந்தால் எக்ஸ் என்று எழுதுவார்கள், மீதியே இல்லாவிட்டால் சுழியம். கரண்ட் சயின்ஸின் எண் 0011-3891. பெருக்கிக் கூட்டினால் 65. 11ஆல் வகுக்க மீதி 10. பதினொன்றில் பத்து போக 1. கடைசி இலக்கமும் 1. இந்தக் கணக்கை என் எக்செல் தாளில் ஒரு சூத்திரமாக எழுதி வைத்திருக்கிறேன். தட்டச்சுப் பிழைகள் உடனே சிவப்பாகத் தெரிந்துவிடும். கற்பனையாக எழுதிய எண்களும் பெரும்பாலும் இதிலேயே சிக்கும். திருடிய எண் மட்டும் சிக்காது. அதற்கு, எண் யாருக்கு உரியது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

பட்டியல் நிறுத்தப்பட்டது பற்றி என்னிடம் பலர் கேட்கிறார்கள். தரத்தை முடிவு செய்யும் பொறுப்பு கல்லூரிக்கே வந்தது சரி என்றே நினைக்கிறேன். டெல்லியில் இருக்கும் ஒரு பட்டியலைவிட, அந்தத் துறையில் இருபது ஆண்டு படித்தவர் ஓர் இதழைப் புரட்டிப் பார்த்துச் சொல்வது மேல். ஆனால் அப்படிப் பார்க்க நேரமும் ஆளும் வேண்டும். நூலகர் பணியிடமே நிரப்பப்படாமல் இருக்கும் கல்லூரிகளில் இதை யார் செய்வார்கள்? போலி இதழ் நடத்துபவர்கள் குறிவைப்பது அந்தக் கல்லூரிகளின் இளம் ஆசிரியர்களைத்தான்.

எங்கள் வழக்கம் இப்போது இப்படி மாறியிருக்கிறது. கட்டுரை அனுப்பும் முன்பே இதழின் பெயரை நூலகத்துக்குச் சொல்லிவிடுகிறார்கள். நானும் அந்தத் துறையின் மூத்தவர் ஒருவரும் பார்த்துக் கருத்துச் சொல்கிறோம், தடுப்பதில்லை. ஏற்பு மடல் வந்த அன்றே பதிவேட்டில் ஒரு வரி திறக்கிறது. கட்டுரை வெளிவந்ததும் முழுப் பிரதி, டி.ஓ.ஐ. என்ற நிலையான இணைய அடையாள எண் இருந்தால் அது, இதழ் எந்தத் தரவுத்தளத்தில் அன்று இடம்பெற்றிருந்தது என்பதற்குத் தேதியுடன் கூடிய திரைப்பிடிப்பு. இந்தத் தேதி மிக முக்கியம். ஸ்கோபஸில் ஓர் இதழ் சேர்க்கப்பட்டிருந்த ஆண்டுகள் குறிக்கப்பட்டிருக்கும். 2021 வரை என்று இருந்தால், 2022இல் வந்த கட்டுரைக்கு அந்தப் பெருமை கிடையாது. அதேபோல, கட்டுரை வந்தபோது பட்டியலில் இருந்து, பின்னால் நீக்கப்பட்ட இதழுக்கு அந்தப் பழைய திரைப்பிடிப்புதான் ஒரே சாட்சி. மூன்று ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்காது.

ஆண்டுக்கு ஒரு முறை பழைய வரிகளையும் திரும்பப் பார்க்கிறோம். வெளிவந்த கட்டுரை திரும்பப் பெறப்படுவதும் உண்டு. 2023இல் மட்டும் ஹிந்தாவி பதிப்பகம் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு, இப்படித் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை, டி.ஓ.ஐ. எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது. என் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. டி.ஓ.ஐ. எண்களை அதோடு ஒப்பிட்டுப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

அச்சு இதழ்களுக்கு இந்த வசதி எதுவும் இல்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ தொடங்கி 120 ஆண்டுகள் கடந்துவிட்டன. இணைப்பு இல்லாத காலத்திலும் தமிழில் ஆய்வு நடந்திருக்கிறது, அச்சாகியிருக்கிறது, வாதிடப்பட்டிருக்கிறது. அந்த மரபில் எழுதும் ஒருவரை, இணைப்புக் கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காகக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அநியாயம். அந்த அநியாயத்தை நானே என் கையால் செய்திருந்தேன். படிவத்தில் அந்தக் கட்டத்தின் கட்டாயத்தை அன்றே எடுத்தேன். அட்டை, பதிப்பாசிரியர் குழு, பொருளடக்கம், கட்டுரையின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஆகியவற்றை ஸ்கேன் செய்து கல்லூரித் தளத்தில் வைத்து, நாங்களே அவற்றுக்கு இணைப்பு உண்டாக்கினோம்.

பைக்குள் இருந்த இதழ்களை ஒவ்வொன்றாக இப்படி ஏற்றிக்கொண்டு வந்தோம். ஒன்பதாவது இதழை நான் கையில் எடுத்தபோது பேராசிரியர் அதை வாங்கிப் புரட்டினார். சற்று நேரம் பேசவில்லை.

“இதை விட்டுவிடுங்கள் அம்மா. கருத்தரங்கத் தொகுப்பு ஒன்றில் வந்த கட்டுரைதான் இது. தலைப்பை மாற்றி அனுப்பினேன். அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். இரண்டு முறை எண்ண வேண்டாம்.”

தொகுப்பையும் இதழையும் ஒப்பிட்டுப் பார்த்து நானாக இதைக் கண்டுபிடித்திருக்க வாய்ப்பே இல்லை. அவருக்கும் அது தெரியும். பதினொன்று பத்தானது. வேதியியல் கட்டுரையை அதன் உரியவருக்கு விட்டுவிட்டு, அவர் பெயருக்கு நேரே 10 என்று எழுதினேன். ஆர்கிட் கணக்கில் அவர் பெயரை ஞா. என்றும் ஜி. என்றும், ழகரத்தோடும் இல்லாமலும், நான்கு விதமாக அவரே தட்டச்சு செய்தார். தமிழில் தட்டும்போது மட்டும் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்துக்கொண்டு தட்டினார்.

சென்ற மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். ஆகஸ்டில் நூலக முகவரிக்கு அஞ்சலில் ஓர் இதழ் வந்தது. பெரியபுராணத்தில் வரும் ஊர்ப்பெயர்கள் பற்றி அவர் எழுதிய 18 பக்கக் கட்டுரை. பெயருக்குக் கீழே எங்கள் கல்லூரியின் பெயர், முழுமையாக, எழுத்துப் பிழையில்லாமல். அவர் எங்களிடம் இருந்தபோது அனுப்பியது, வந்தது இப்போது. அவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். பிரதி வேண்டுமா என்று கேட்டதற்கு, தனக்கு ஒன்று வந்துவிட்டது, அது நூலகத்திலேயே இருக்கட்டும் என்றார். ஸ்கேன் செய்துவிட்டு, வெளியான ஆண்டு என்ற கட்டத்தில் இந்த ஆண்டை இட்டேன். குறிப்பு என்ற கட்டத்தில், அனுப்பிய நாளில் பணியில் இருந்தார் என்று எழுதி, ஏற்பு மடலின் தேதியைச் சேர்த்தேன்.